போடாத ஊசிக்கு நன்றி

அன்புள்ள நர்ஸம்மாவுக்கு,

நம் மலையில் நல்ல டாக்டர் யார் என்று கேட்டால், ‘ஒரே ஊசியில கேக்கும்’ என்று சொல்லித்தான் ஆளைக் காட்டுவார்கள். மாத்திரை மட்டும் எழுதிக் கொடுத்து அனுப்புகிறவருக்கு அவ்வளவு மரியாதை கிடையாது. குளுக்கோஸ் ஏற்றினால் அது இன்னும் ஒரு படி மேலான வைத்தியம். அப்படிப்பட்ட ஊரில், ஏழு மாதம் முடிந்த கர்ப்பிணி ஒருத்தி இடுப்பைப் பிடித்துக்கொண்டு பாயில் புரள, சுற்றி நின்றவர்கள் கெஞ்சியும் அதட்டியும் கேட்ட வலி ஊசியைப் போட மாட்டேன் என்று நின்றீர்கள். அதற்காக நீங்கள் வாங்கிய பேச்சு கொஞ்சமில்லை. ‘ஊசி கூடப் போடத் தெரியாத நர்ஸு’ என்று கடைத்தெருவில் பேசியவர்களில் என் உறவுக்காரர்களும் உண்டு. பேச்சு நாலு பேர் முன்னால் நடந்தது. நன்றியும் நாலு பேர் படிக்கும் இடத்தில் இருக்கட்டும் என்றுதான் இதைத் திறந்த மடலாக எழுதுகிறேன்.

உங்கள் பெயரை எழுதவில்லை. வாழவந்தி நாடு, வளப்பூர் நாடு, அரியூர் நாடு என்று ‘நாடு’ என முடியும் கொல்லிமலை ஊராட்சிகளில் எதில் வேண்டுமானாலும் நீங்கள் இருக்கலாம். தெரிந்தவர்களுக்குத் தெரியும்.

இடது விலாவுக்குக் கீழே தொடங்கி அடிவயிறு வரைக்கும் இறங்கிய வலி அது. உட்கார்ந்தாலும் நின்றாலும் ஒருக்களித்துப் படுத்தாலும் விடவில்லை. ‘சூட்டு வலி’ என்றார் மாமியார். ‘புள்ள தலை திரும்புது’ என்றார் பெரியம்மா. பிரசவ வலியே வந்துவிட்டது என்று பயந்துபோனவர் என் கணவர். ஐப்பசி மழையில் நனைந்து வந்த நீங்கள் முதலில் யாரிடமும் எதுவும் கேட்கவில்லை. என் வயிற்றின் மேல் கையை வைத்துக்கொண்டு சற்று நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தீர்கள். நான் கத்தும்போதும் கருப்பை இறுகவில்லை, மெத்தென்றே இருந்தது என்று பிற்பாடு சொன்னீர்கள். பிரசவ வலியானால் வயிறு இறுகி இறுகித் தளர வேண்டும். அடுத்து முதுகில், விலா எலும்பு முடியும் இடத்தில் லேசாகத் தட்டினீர்கள். நான் துள்ளிவிட்டேன். அதன் பிறகே கேள்விகள்: சிறுநீர் என்ன நிறத்தில் போகிறது, எரிகிறதா, குளிர் நடுக்கம் உண்டா, பிள்ளை அசைகிறதா? தெர்மாமீட்டர் 101 டிகிரியைத் தாண்டியிருந்தது.

“கிட்னிக் கல்லு மட்டும்னா பொறுத்துப் பாக்கலாம். கல்லும் காய்ச்சலும் சேந்து வந்தா பொறுக்கக் கூடாது” என்றீர்கள். ஒரு பாராசிட்டமால் மாத்திரை, டாக்டருக்கு ஒரு போன், 108க்கு ஒரு போன். அவ்வளவுதான் நீங்கள் செய்த வைத்தியம்.

“வயித்துப்புள்ளக்காரி துடிக்கிறா, ஒரு ஊசி போட உனக்கு என்ன வந்துச்சு?” என்று மாமியார் சத்தம் போட்டார்.

“அம்மா, அந்த ஊசி இவ வலிக்கு ஆகும். உள்ள இருக்கற உசுருக்கு ஆகாது.”

நான் அறிவியல் ஆசிரியை. உண்டு உறைவிடப் பள்ளியில் பிள்ளைகளுக்கு இரத்த ஓட்டம் நடத்துகிறவள். உங்களுடைய அந்த ஒரு வரிக்குள் எவ்வளவு இருந்தது என்பதை உடம்பு தேறிய பிறகு உட்கார்ந்து படித்தேன். படித்ததில் கொஞ்சத்தை இங்கே எழுதுவது, உங்களைத் திட்டியவர்களும் படிக்க வேண்டும் என்பதற்காக.

டைக்ளோஃபெனாக் போன்ற வலி மருந்துகள் புரோஸ்டாகிளாண்டின் என்ற வேதிப்பொருள் உடம்பில் உண்டாவதைத் தடுத்துத்தான் வலியைக் குறைக்கின்றன. வயிற்றுப் பிள்ளைக்கு அதே பொருள் வேறொரு வேலைக்கு வேண்டும். பிள்ளையின் நுரையீரலில் காற்று கிடையாது, ஆக்சிஜன் நஞ்சுக்கொடி வழியாகவே வருகிறது. ஆகவே நுரையீரலுக்குப் போக வேண்டிய இரத்தத்தில் பெரும்பகுதியை ஒரு சிறு குழாய் திருப்பி நேரே பெருந்தமனியில் விட்டுவிடுகிறது. ஏரி மதகைப் போல, பிறக்கும்வரை திறந்தே இருக்க வேண்டியது, பிறந்ததும் மூடிக்கொள்ள வேண்டியது அந்தக் குழாய். அதைத் திறந்து வைத்திருப்பது புரோஸ்டாகிளாண்டின். கடைசி மூன்று மாதங்களில் மருந்து அதைத் தடுத்தால் மதகு வயிற்றுக்குள்ளேயே மூடத் தொடங்கலாம், பிள்ளையின் இதயம் திணறலாம். பனிக்குட நீர் சங்கதி இன்னொன்று. பாதிக் கர்ப்பத்துக்குப் பிறகு அந்த நீரில் பெரும்பங்கு பிள்ளை கழிக்கும் சிறுநீர்தான். இந்த மருந்துகள் பிள்ளையின் சிறுநீரக வேலையைக் குறைத்தால் அந்த நீரும் குறையும். 2020இல் அமெரிக்காவின் உணவு, மருந்து நிர்வாகம் 20ஆம் வாரத்திலிருந்தே இவற்றைத் தவிர்க்கும்படி எச்சரித்தது. நம் பக்கம் இவை சீட்டே இல்லாமல் பட்டையைக் கிழித்து இரண்டு, நாலு என்று கொடுக்கப்படும் மாத்திரைகள்.

ஒரே ஊசியில் பிள்ளைக்குக் கெடுதல் வந்தே தீரும் என்று நான் சொல்லவில்லை. வராமலும் போயிருக்கலாம். எனக்கு அதைவிடப் பெரிதாகத் தோன்றுவது வேறு. ஊசி போட்டு வலி அடங்கியிருந்தால், மழை விடட்டும், விடியட்டும் என்று நாங்கள் வீட்டிலேயே படுத்திருப்போம். அடைபட்ட சிறுநீரகத்துக்குள் கிருமி மட்டும் தூங்காமல் வேலை செய்துகொண்டிருந்திருக்கும்.

கர்ப்பத்தில் சிறுநீரகக் கல் வலி அடிக்கடி பார்க்கும் விஷயமல்ல. 200 முதல் 1500 கர்ப்பங்களுக்கு ஒன்று என்று கணக்குகள் வேறுபடுகின்றன. வந்தால் பெரும்பாலும் நாலாம் மாதத்துக்குப் பிறகே வருகிறது. கர்ப்பிணியின் சிறுநீரகம் சாதாரண நாளைவிட ஏறத்தாழ ஒன்றரை மடங்கு வடிகட்டுகிறது, சிறுநீரில் கால்சியமும் கூடுகிறது. ஆனால் கல் சேராமல் தடுக்கும் சிட்ரேட்டும் கூடவே கூடுவதால் கர்ப்பம் என்பதாலேயே எல்லோருக்கும் கல் வந்துவிடுவதில்லை. கஷ்டம் எங்கே என்றால், கண்டுபிடிப்பதில். ஹார்மோனாலும் கருப்பையின் பாரத்தாலும் கர்ப்பிணிகளில் பெரும்பாலோருக்குச் சிறுநீரகம் கொஞ்சம் வீங்கித்தான் இருக்கும், அதுவும் வலது பக்கம் அதிகமாக. ஸ்கேன் ரிப்போர்ட்டில் ‘வலது சிறுநீரக வீக்கம்’ என்று பார்த்துவிட்டு அழுதவர்களை எனக்குத் தெரியும். அது பல நேரம் ஒன்றுமே இல்லை. எனக்கோ வீங்கியது இடது. வழக்கத்துக்கு மாறான பக்கம் என்பதே டாக்டர்களுக்கு முதல் துப்பு.

மூலிகை பற்றியும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். சித்தர்கள் பெயரால் அறியப்பட்ட மலை நம்முடையது. முடவாட்டுக்கால் கிழங்கு சூப் குடிப்பதற்கென்றே வெளியூர்க்காரர்கள் வண்டி கட்டி வருகிறார்கள். கல் என்ற சந்தேகம் வந்ததும் மாமியார் சிறுபீளையும் நெருஞ்சிலும் போட்டுக் கஷாயம் காய்ச்ச ஆரம்பித்துவிட்டார். நீங்கள் அதை மூடநம்பிக்கை என்று சொல்லவில்லை. “வாழைத்தண்டு பொரியல் செஞ்சு போடுங்கம்மா, சாப்பிடட்டும். கஷாயம் வேணாம். மத்தவங்களுக்கு ஆகலாம், வயித்துல புள்ள இருக்கறவளுக்கு எவ்வளவு குடுக்கலாம்னு யாரும் அளந்து வைக்கல” என்றீர்கள். நகரத்திலிருந்து முகாம் போட வருகிறவர்கள் சிலர் எங்கள் பச்சிலையைப் பார்த்துச் சிரிப்பதையும், வேறு சிலர் எல்லா நோய்க்கும் இதுவே மருந்து என்று வீடியோ எடுத்துக்கொண்டு போவதையும் பார்த்திருக்கிறேன். இரண்டு பேரிடமும் இல்லாத நிதானம் உங்கள் அந்தப் பதிலில் இருந்தது.

108 வந்தது. காரவள்ளி அடிவாரம் வரை 70 கொண்டை ஊசி வளைவுகள். சுற்றுலா வருகிறவர்கள் எண்ணிக்கொண்டே ஏறுவார்கள். அன்றைக்கு எனக்கு எண்ணத் தோன்றவில்லை. மழையில் மண் சரிந்து கிடந்த இடங்களில் அந்த ஓட்டுநர் தம்பி வண்டியை ஊர வைத்துக் கொண்டுபோனார். பின்னால் இருந்த மருத்துவ உதவியாளர் நாடியையும் பிள்ளைத் துடிப்பையும் பார்த்தபடி வந்தார். 108 தமிழ்நாட்டில் ஓடத் தொடங்கியது 2008இல். அதற்கு முன்பு மூங்கிலில் தூளி கட்டி, ஆள் மாற்றி ஆள் தூக்கிக்கொண்டு இறங்கிய கதைகளைக் கேட்டே வளர்ந்தவள் நான். பாதி வழியில் வயிறு இறுக ஆரம்பித்தது. சிறுநீரகத்தில் கிருமி தங்கிக் காய்ச்சல் வந்தால் கருப்பை சுருங்கத் தொடங்குவது உண்டாம். குறைமாதப் பிரசவத்துக்கு அதுவே ஒரு வாசல்.

கீழே அரசு மருத்துவமனையிலும் எனக்கு வாய்த்தவர்கள் உங்களைப் போலவே எதைச் செய்யக் கூடாது என்று தெரிந்தவர்கள். எடுத்ததும் சி.டி. ஸ்கேனுக்கு அனுப்பவில்லை, அல்ட்ராசவுண்டிலேயே தேடினார்கள். சிறுநீர்க்குழாயிலிருந்து சிறுநீர்ப்பைக்குள் சிறுநீர் பீச்சி விழுவது கலர் டாப்ளரில் தெரியுமாம். வலது பக்கம் பீச்சிக்கொண்டே இருந்தது. இடது பக்கம் எவ்வளவு நேரம் பார்த்தும் ஒன்றும் வரவில்லை. அடைப்பு உறுதியானது. கதிர்வீச்சு பட்டாலே பிள்ளை ஊனமாகிவிடும் என்று ஊரில் பயப்படுவார்கள். அது அவ்வளவு சரியில்லை. பிள்ளைக்குக் கெடுதல் என்று கருதப்படும் அளவு 50 மில்லிகிரே. குறைந்த கதிரில் எடுக்கும் சி.டி. அந்த அளவுக்கு வெகு கீழேதான் இருக்கும். தாயின் உயிருக்கு அவசியமானால் எடுப்பார்கள், அவசியமில்லாதபோது எடுப்பதில்லை.

கர்ப்பகாலக் கற்களில் பத்துக்கு ஆறு முதல் எட்டு வரை, தண்ணீரும் வலி மாத்திரையும் ஓய்வுமாகக் காத்திருந்தால் தானே விழுந்துவிடுகின்றன என்று அங்கிருந்த சிறுநீரக அறுவை நிபுணர் சொன்னார். காய்ச்சல் இருந்ததால் எனக்கு அந்தக் காத்திருப்பு இல்லை. முதுகு வழியாகக் குழாய் விடலாம், அல்லது கீழிருந்து உள்ளே ஸ்டென்ட் வைக்கலாம் என்றார். இரண்டு முனையும் சுருண்ட மெல்லிய குழாய் அது. வார்டில் எல்லோருக்கும் அது ‘டியூப்’. மரத்துப்போக மருந்து கொடுத்து, ஸ்கேன் பார்த்துக்கொண்டே வைத்தார்கள். தேங்கி நின்ற சிறுநீர் சீழோடு இறங்கியது. செஃபலோஸ்போரின் வகை ஆன்டிபயாட்டிக் ஏற்றினார்கள். கர்ப்பிணிக்குப் பாதுகாப்பானவை என்று நெடுங்காலம் பழகிய மருந்துகள் அவை. காய்ச்சல் இறங்கியது, வயிறு இறுகுவதும் நின்றது.

கல்லை எடுக்காமலே அனுப்பிவிட்டார்களே என்று பார்க்க வந்தவர்களுக்கெல்லாம் குறை. அதிர்வலை கொடுத்து வெளியிலிருந்தே கல்லை உடைக்கும் முறையை 1980இல் ஜெர்மனியின் மியூனிக் நகரில் முதன்முதலாக மனிதருக்குச் செய்தார்கள். இன்று உலகமெங்கும் உண்டு. ஆனால் கர்ப்பிணிக்கு அதைத் தொடவே மாட்டார்கள், அந்த அதிர்வு பிள்ளைக்கு ஆகாது. முதுகில் துளை போட்டு எடுப்பதும் பிரசவத்துக்குப் பிறகுதான். நுண்குழாய் விட்டு லேசரால் உடைப்பதைக் கர்ப்பத்திலும் செய்கிறார்கள், ஆனால் சீழ் இருக்கும்போது இல்லை. ஆக என் கல் தன் இடத்திலேயே கிடந்தது. சிறுநீர் மட்டும் அதைச் சுற்றிக்கொண்டு போனது.

ஊசி வேண்டும் என்று நின்ற என் மாமியாருக்கு அங்கேதான் மனம் ஆறியது. 12 மணி நேரத்துக்கு ஒன்றாக நாலு ஊசி, டெக்ஸாமெத்தசோன். எனக்கல்ல, பிள்ளையின் நுரையீரலுக்கு. நியூசிலாந்தில் கிரஹாம் லிகின்ஸ் என்ற மருத்துவர் பிரசவம் எப்படித் தொடங்குகிறது என்று ஆடுகளை வைத்து ஆராய்ந்துகொண்டிருந்தார். பிழைக்கவே முடியாத அளவு முன்கூட்டிப் பிறந்த குட்டி ஒன்று, இந்த வகை மருந்து பெற்றதால் மூச்சு விட்டுக்கொண்டிருந்ததைப் பார்த்திருக்கிறார். ராஸ் ஹோவி என்ற குழந்தை மருத்துவரோடு சேர்ந்து அதைத் தாய்மார்களிடம் சோதித்து 1972இல் வெளியிட்டார். ஒரு ஆட்டுக்குட்டி விட்ட மூச்சுக்கு அடிவாரத்து வார்டில் நான் கடன்பட்டிருக்கிறேன்.

மகள் 35ஆம் வாரத்தில், கார்த்திகைக் கடைசியில் பிறந்தாள். எடை இரண்டு கிலோவுக்குச் சற்று மேலே. பிறந்ததும் அழுதாள். சர்க்கரை அளவு பார்த்தார்கள், மஞ்சள் காமாலைக்கு நீல விளக்கில் வைத்தார்கள், மற்றபடி பெரிய தொல்லை இல்லை. என்னைத் தூங்கவிடாமல் வைத்திருந்த கேள்வி, என் கல்லும் காய்ச்சலும் இவளை என்ன செய்திருக்கும் என்பது. அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலப் பிறப்புப் பதிவுகளை வைத்துச் செய்த ஆய்வு ஒன்று 2007இல் வந்தது. கல்லுக்காக மருத்துவமனையில் சேர்ந்த கர்ப்பிணிகளுக்குக் குறைமாதப் பிரசவம் மற்றவர்களைப் போல இருமடங்கை நெருங்கியது. ஆனால் எடைக்குறைவோ சிசு மரணமோ கூடியதாகக் காணவில்லை. அதாவது கல் நேராகப் பிள்ளையைத் தாக்குவதில்லை, நாளைத்தான் முந்த வைக்கிறது. குடும்பத்தில் கல் இருந்தால் பிள்ளைக்குப் பெரியவளான பிறகு வரும் வாய்ப்பு கூடுதல். அதற்கு இன்னும் காலம் இருக்கிறது.

முந்திப் பிறந்த பிள்ளைக்குக் கொல்லிமலை மார்கழியில் முதல் எதிரி குளிர். நீங்கள் வீட்டுக்கு வந்தபோதும் வேண்டாம் என்று சொல்லும் வேலையைத்தான் முதலில் செய்தீர்கள். தினம் குளிப்பாட்ட வேண்டாம். சேனை வைக்க வேண்டாம், சர்க்கரைத் தண்ணீர் வேண்டாம். தொப்புளில் எதையும் பூச வேண்டாம். துணியில் பொதிந்து தனியாகப் படுக்கவைக்கவும் வேண்டாம், மார்போடு தோல் படக் கட்டிக்கொள் என்றீர்கள். கொலம்பியாவின் பொகோட்டா நகரில், இன்குபேட்டர் போதாத மருத்துவமனையில் எட்கர் ரே சனாப்ரியா என்ற மருத்துவர் 1970களின் கடைசியில் தொடங்கிவைத்த வழி இது. இன்று கங்காரு தாய் பராமரிப்பு என்கிறார்கள். உலக சுகாதார நிறுவனம் இந்தியாவிலும் நாலு ஆப்பிரிக்க நாடுகளிலும் நடத்திய ஆய்வு 2021இல் வெளிவந்தது. என் மகளைவிடச் சிறிய, 1.8 கிலோவுக்கும் குறைந்த பிள்ளைகளை, நிலைப்படும்வரை காத்திராமல் பிறந்தவுடனேயே இப்படி அணைத்ததில் இறப்பு நாலில் ஒரு பங்கு குறைந்தது. நான் தூங்கும்போது அப்பன்காரன் மார்பில் கட்டிவிடச் சொன்னீர்கள். மிளகுக்கொடி ஏறும் மனிதர் மூன்று மணி நேரம் அசையாமல் சாய்ந்து கிடந்ததைப் பார்க்க ஊரே வந்தது. முதலில் கேலி. இப்போது அந்தத் தெருவில் இன்னும் இரண்டு அப்பன்கள் அப்படிச் செய்கிறார்கள்.

ஆஷா அக்காவையும் விட்டுவிடக் கூடாது. தொங்கும் தராசும் தெர்மாமீட்டருமாக, மூன்றாம் நாள் தொடங்கி 42ஆம் நாள் வரை அட்டவணைப்படி வந்துகொண்டிருந்தார், அந்தப் பனியிலும்.

என் கல்லுக்குக் காரணம் என்ன என்று நீங்கள் கேட்டது நினைவிருக்கிறதா? ஒரு நாளைக்கு எவ்வளவு தண்ணீர் குடிக்கிறாய் என்றீர்கள். மலையில் ஊற்றுக்கும் ஓடைக்கும் பஞ்சமில்லை, குடிக்கத்தான் ஆளில்லை. பள்ளியில் பெண்களுக்குச் சரியான கழிப்பறை இல்லாவிட்டால் தண்ணீர் பாட்டில் மேசையில் அழகுக்குத்தான் நிற்கும். வயலில் நிற்கும் பெண்களும் வெளியூர்ப் பேருந்தில் போகும் பெண்களும் அப்படித்தான். இரண்டரை லிட்டர் சிறுநீர் கழியும் அளவுக்குக் குடி என்று டாக்டர் எழுதிக் கொடுத்தால் போதாது, அது கழிவதற்கு ஓரிடமும் வேண்டும். இந்த வரியைப் பொதுப்பணித்துறைக்காரர் யாராவது படித்தால் நல்லது. கல் என்றதும் கால்சியம் மாத்திரையை நிறுத்தப் போனேன். “டாக்டரைக் கேக்காம நிறுத்தாதே, சாப்பாட்டோட போடு” என்றீர்கள். சாப்பாட்டோடு போகும் கால்சியம் குடலிலேயே ஆக்சலேட்டைப் பிடித்துக்கொள்கிறது, சிறுநீருக்கு விடுவதில்லை. இதைப் பத்தாம் வகுப்பில் நடத்தும்போது இப்போது உங்களைச் சொல்லித்தான் நடத்துகிறேன்.

கடைசியாக அந்த நோட்டு. கர்ப்பிணிகள் பதிவேட்டில் பிக்மி எண், கடைசி மாதவிலக்குத் தேதி, இரத்த அளவு என்று அரசாங்கம் கேட்கும் பத்திகளெல்லாம் இருக்கின்றன. அதற்கு வெளியே, ஓரத்தில் கோடு போட்டு ‘டியூப் எடுக்கும் தேதி’ என்று நீங்களாக ஒரு பத்தி எழுதியிருந்தீர்கள். கர்ப்பத்தில் ஸ்டென்ட் மேல் உப்பு சீக்கிரம் படியும், நாலு முதல் ஆறு வாரத்துக்குள் மாற்ற வேண்டும். எனக்கு அந்தக் கெடு முடியும் முன்பே பிரசவம் ஆகிவிட்டது. பிள்ளை பிறந்தது, வலியும் இல்லை, இனி எதற்கு என்று வீட்டில் இருந்துவிட்டால் குழாயே கல்லாகிவிடும். வருடக்கணக்கில் மறந்து, சிறுநீரகத்தையே இழந்தவர்கள் உண்டு. நீங்கள் போன் செய்தீர்கள், மறுபடி செய்தீர்கள், பிறகு வாசலில் வந்து நின்றீர்கள். பச்சைப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு கீழே இறங்கினேன். லேசரில் கல்லை உடைத்து, பிறகு குழாயையும் எடுத்தார்கள். அந்தப் பத்தியை மாவட்டத்தில் எல்லாத் துணை சுகாதார நிலையப் பதிவேடுகளிலும் அச்சடித்தே சேர்க்க வேண்டும் என்று மாவட்டச் சுகாதார அலுவலருக்குத் தனியாக ஒரு மனு எழுதியிருக்கிறேன். உங்களைக் கேட்காமல் எழுதியதற்குக் கோபிக்காதீர்கள். நகல் ஒன்றை இதோடு வைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் பதிவேட்டில் ஓரத்தில் கோடு போட்டு எழுதப்பட்ட ஆசிரியை
கொல்லிமலை